ஹெட்ஃபோன் வேண்டாம், கண்ணு

அன்பு மகளுக்கு,

வயிற்றில் ஹெட்ஃபோன் வைத்துப் பாட்டுப் போடலாமா என்று நேற்று கேட்டாய். "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். காரணம் சொல்லாமல் மறுப்பது என் பழைய வியாதி. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு இப்போது 28 வாரம். காதுக்குள் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியா 20 வாரத்துக்குள்ளேயே ஏறக்குறைய உருவாகிவிடும். அங்கிருந்து மூளைக்குப் போகும் பாதை வேலை செய்யத் தொடங்குவது 25 வாரத்தை ஒட்டித்தான். ஆக, பிள்ளைக்கு இப்போது கேட்கிறது. முதலில் தாழ்ந்த சுருதி. கீச்சென்ற ஒலிக்கு அசைய இன்னும் சில வாரம் ஆகும். வெளிச்சத்தம் உன் உடம்பையும் பனிக்குட நீரையும் தாண்டிப் போவதற்குள் மேல்சுருதி பெரும்பாலும் அடங்கிவிடும். பேச்சில் மிஞ்சுவது ஏற்ற இறக்கமும் தாளமும்தான், மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பேசுவதைப் போல. உன் குரலுக்கு மட்டும் அந்தக் கதவு கிடையாது. அது உன் எலும்பும் சதையும் வழியாகவே உள்ளே இறங்குகிறது. இதற்குமேல் ஹெட்ஃபோன் எதற்கு? சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாத ஜீவன் அது.

1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்று இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளிடம் ஒரு சூப்பானைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் வரும், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் தாயின் குரல் வரும்படியே சப்பின. பின்னால் அப்பாக்களின் குரலை வைத்தும் பார்த்தார்கள். அதற்குத் தனி மவுசு ஒன்றும் இல்லை. படித்தபோது சுருக்கென்றது. உன் அம்மா வயிற்றருகே உட்கார்ந்து இரவெல்லாம் நான் வாசித்த செய்தித்தாள்கள் எத்தனை! மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லாதே. அவர் பாட்டுக்குப் பேசட்டும்.

பிறந்த பிறகுதான் வேலை அதிகம். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் இந்தியின் 'த'வையும் 'ட'வையும் பிரித்துக் கேட்கின்றன. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு அது போய்விடுகிறது. 1984இல் வெளிவந்த ஆய்வு இது. வீட்டில் புழங்கும் ஒலிகளுக்கே மூளை தன்னைத் தீட்டிக்கொள்கிறது. ஒலியே வராவிட்டாலும் மூளையின் கேட்கும் பகுதி காத்துக் கிடக்காது, வேறு வேலைக்குப் போய்விடும்.

நம் உறவில் ஒரு பையனுக்கு இரண்டு வயதுவரை யாரும் காதைச் சோதிக்கவில்லை. "கை தட்டினால் திரும்புகிறானே" என்றே எல்லோரும் சமாதானம் சொன்னோம், நானும்தான். அதனால் சொல்கிறேன்: பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புமுன் செவித்திறன் பரிசோதனையைக் கேட்டு வாங்கு. பிள்ளை தூங்கும்போதே சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மாதத்துக்குள் சோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது கணக்கு. காதில் தங்கிய நீரால்கூட முதல் சோதனையில் தவறலாம். பதறாதே, ஆனால் மறுசோதனைத் தேதியைத் தள்ளிப்போடாதே.

அப்பா