சம்பளத் தேதி தெரியாத விமானிகள்: சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கும், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் ஏடிஆர் 72 வகை விமானத்தை இயக்கும் கேப்டன். சிறு நகரங்களைப் பெருநகரங்களோடு இணைக்கும் ஒரு வட்டார விமான நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதன் நிர்வாகத்தைத் தூற்றுவதற்காக இதை நான் எழுதவில்லை என்பதோடு, இதே நிலையில் இருந்த நிறுவனங்கள் இந்நாட்டில் முன்பும் உண்டு, இனியும் இருக்கக்கூடும் என்பதும் அதற்குக் காரணம்.

நிறுவனம் தள்ளாடுகிறது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களாகவே கண்டுகொண்டோம். மாதக் கடைசி நாளில் வந்த சம்பளம் முதலில் பத்தாம் தேதிக்குப் போனது, பிறகு பாதிப் பாதியாக வந்தது, இப்போது எந்தத் தேதிக்கு வரும் என்று கணக்குப் பிரிவினருக்கே தெரிவதில்லை. மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியளிக்கப்பட்டிருந்த பறப்புப் படி, பறந்த மணிக்கு மட்டும் என்றானது. எரிபொருள் வண்டி விமானத்தின் அருகே வந்து நின்றும், பணம் வந்து சேர்ந்ததாகத் தகவல் வரும்வரை குழாயை மாட்டாமல் காத்திருந்த காலைகள் உண்டு. ஐந்து விமானங்களில் இரண்டு பறக்காமல் நிற்கின்றன. அவற்றிலிருந்து கழற்றிய பாகங்கள் மற்ற மூன்றில் மாட்டப்படுகின்றன. விதிகளுக்கு உட்பட்டு, முறையான பதிவுகளோடுதான் பொறியாளர்கள் அதைச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி. சம்பளத்தில் பிடித்த வருமான வரி அரசுக்குச் செலுத்தப்படவில்லை என்பதை என் பெயரில் செலுத்தப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலும் அதே கதை.

இவ்வளவு தெரிந்தும் வேறு வேலைக்குப் போகாதது ஏன் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில்தான் இந்த மடலின் மையம். 2017-ஆம் ஆண்டு தங்கள் இயக்குநரகம் மாற்றியமைத்த விதியின்படி, கேப்டன் ஒருவர் பணியிலிருந்து விலக 12 மாதமும், துணை விமானி 6 மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஒரு விமானி திடீரென்று விலகினால் சேவைகள் ரத்தாகும், பயணிகள் தவிப்பார்கள், மாற்று விமானியைப் பயிற்றுவிக்கப் பல மாதங்கள் ஆகும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் விமானியிடம் ஓராண்டு முன்னறிவிப்பு கேட்கும் அதே ஒழுங்குமுறை, நிறுவனம் தன் கதவை மூடும்போது விமானிக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

அதன் விளைவை நாடு கண்டிருக்கிறது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் சேவையை நிறுத்துவதாக அறிவித்தது; அன்றிரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்ததுதான் அதன் கடைசி விமானம். 2023 மே 2 அன்று கோ ஃபர்ஸ்ட் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. மறுநாள் முதல் அதன் விமானங்கள் பறக்கவில்லை. இவை பெரிய நிறுவனங்கள் என்பதால் செய்தியாயின. கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு 2016-இல் தொடங்கிய ஏர் கார்னிவல் மறு ஆண்டே நின்றுபோனதும், சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே பறந்த ட்ரூஜெட் 2022-இல் ஓய்ந்துபோனதும் அவற்றின் ஊழியர்களையும் அந்தந்த ஊர்ப் பயணிகளையும் தாண்டி எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

நிர்வாகம் ஊதியத்தைக் குறைத்தாலோ பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றினாலோ, முன்னறிவிப்புக் காலம் முடியும் முன்பே விடுவிக்கக் கோரலாம் என்று விதியில் இடமிருப்பதை அறிவேன். கோரலாம், அவ்வளவுதான். கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் வராமல், விலகிச் செல்ல ஆட்சேபமில்லை என்று பழைய நிறுவனம் தர வேண்டிய தடையின்மைச் சான்று கிடைக்காமல், புதிய நிறுவனம் கொடுத்த சேரும் தேதியைத் தவறவிட்ட சக விமானிகளை எனக்குத் தெரியும். வட்டார விமானிக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏடிஆர் ஓட்டியவர் நேராக ஏர்பஸ்ஸிலோ போயிங்கிலோ ஏறி அமர முடியாது. அந்தந்த வகை விமானத்துக்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். சேர்ந்தாலும், இங்கே இடப்பக்க இருக்கையில் இருந்தவர் அங்கே பெரும்பாலும் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாகத்தான் மீண்டும் தொடங்க வேண்டும். சும்மா இருந்தாலோ தகுதியே கைநழுவும். 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்காத விமானி, பயணிகளோடு பறக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் திறனைக் காட்ட வேண்டும். சம்பளமே தராத நிறுவனம் சிமுலேட்டர் கட்டணத்தை எங்கிருந்து கட்டும்?

வட்டார விமானச் சேவை தானாக நலிந்துவிடவில்லை. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் அரசின் உடான் திட்டத்தில், 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்த முதல் விமானத்தைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று ஏறத்தாழ பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு வைத்து, நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை மூன்று ஆண்டுகளுக்கு மானியமாக ஈடுசெய்யும் நல்ல திட்டம் அது. ஆனால் 2023-இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கையைத் தாங்களும் படித்திருப்பீர்கள். உடானின் மூன்றாம் கட்டம் வரை வழங்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று ஆண்டுகளை முழுமையாகக் கடந்தவை 112. மானியம் முடிந்த பிறகும் 2023 மார்ச்சில் பறந்துகொண்டிருந்தவை 54 மட்டுமே. எழுபது சொச்சம் இருக்கைகள் கொண்ட விமானத்தில் குத்தகை வாடகையையும் இயந்திரப் பராமரிப்பையும் டாலரில் கட்டி, டிக்கெட்டை ரூபாயில் விற்கும் நிறுவனத்துக்கு நான்காம் ஆண்டு எப்படி இருக்கும் என்பதை அந்த எண்களே சொல்கின்றன. வழித்தடம் ஒன்று நிற்கும்போது ஓர் ஊர் தன் விமானத்தை இழக்கிறது என்று எழுதுகிறார்கள். அந்த வழித்தடத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவர்களைப் பற்றி அந்த அறிக்கைகளில் ஒரு பத்தியும் இல்லை.

நிறுவனம் வீழ்ந்தபின் யாருக்கு என்ன பாதுகாப்பு என்பதிலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. கோ ஃபர்ஸ்ட் விவகாரத்தில் தங்கள் விமானங்களை மீட்க முடியாமல் தவித்த வெளிநாட்டுக் குத்தகை நிறுவனங்களுக்காக, 2023 அக்டோபரில் அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2025-இல் விமானப் பொருள்களின் மீதான உரிமைகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதை நான் குறைகூறவில்லை, குத்தகைக்காரர்களுக்கு நம்பிக்கை இருந்தால்தான் நமக்கு விமானம் வரும். ஆனால் திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவில், தொழிலாளர் என்ற வரையறைக்குள் வராத ஊழியரின் 12 மாத நிலுவை, பிணை வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளுக்குப் பின்னால்தான் நிற்கிறது. ஜெட் ஏர்வேஸைக் கலைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில். கடைசி விமானம் தரையிறங்கி ஐந்தரை ஆண்டுகள் கழித்து. அத்தனை ஆண்டுகள் ஒரு குடும்பம் எதை நம்பிக் காத்திருக்கும்?

பாதுகாப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பறக்கும் முன் உடல்நலம், மருந்து, மன அழுத்தம், களைப்பு என்று ஒவ்வொன்றாகத் தன்னைத்தானே கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடங்களில் ஒன்று. மன அழுத்தம் என்ற கேள்விக்கு இப்போது நேர்மையாகப் பதில் சொன்னால் எங்களில் பலர் பறக்க முடியாது. பறக்காவிட்டால் அந்த மணிக்கான படியும் இல்லை. அரைச் சம்பளத்தில் இருக்கும் துணை விமானி ஒருவர், இறங்கு பாதையில் குறுக்குக் காற்று வீசும் மாலையில், என் பக்கத்தில் அமர்ந்து தன் வேலையைக் குறையின்றிச் செய்கிறார். அந்த ஒழுக்கத்தை மட்டுமே நம்பி ஒரு பாதுகாப்பு அமைப்பு நீண்ட நாள் நிற்க முடியாது.

நலிந்த நிறுவனம் ஒவ்வொன்றையும் அரசு காப்பாற்றியாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சம்பளம் 30 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் முன்னறிவிப்புக் காலம் தானாகவே முடிந்ததாகக் கருதப்பட வேண்டும்; தடையின்மைச் சான்றை நிறுவனம் தர மறுத்தால் இயக்குநரகமே வழங்க வேண்டும். இதற்கு விதியில் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும். நிதி நெருக்கடியால் ஒரு நிறுவனம் கூடுதல் கண்காணிப்பின் கீழ் வரும்போது, அந்தச் செய்தி அதன் ஊழியர்களுக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடான் மானியத்தை விமான நிலையங்கள் ஆணையம் வழியே விடுவிக்கும்போது, முந்தைய மாதச் சம்பளமும் வைப்பு நிதியும் செலுத்தப்பட்டதற்கான சான்றை நிபந்தனையாக்க வேண்டும். பொதுமக்கள் பணம் பறக்கும் சேவைக்குப் போகிறது என்றால், அந்தச் சேவையைப் பறக்கவைப்பவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு.

முன்னறிவிப்புக் காலத்தில் இருப்பதால் என் பெயரை இங்கே எழுத இயலவில்லை. தாங்கள் நேரம் ஒதுக்கினால், சம்பளச் சீட்டுகள், வரிப் படிவங்கள், விடுவிப்புக் கோரி நான் அனுப்பிப் பதில் வராத மூன்று கடிதங்கள் ஆகியவற்றோடு டெல்லிக்கு வந்து, என் பெயரையும் உரிம எண்ணையும் தங்களிடம் நேரில் தருவேன். எந்த நாள் என்றாலும் சரி, காலை 6.10 விமானம் ரோஸ்டரில் இல்லாத நாளாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஏடிஆர் விமானி ஒருவர்