மெனுவை விடு, அடுப்படியைக் கேள்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. புது வேலை பிடித்துப்போனதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, வீடு இரண்டுபடுகிறது.

குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் என்று உறுதியானதிலிருந்து ஹோட்டல் பக்கமே போவதில்லை, அடுத்த மாத அலுவலக விருந்துக்கும் வரவில்லை என்று சொல்லிவிடப்போகிறேன் என எழுதியிருக்கிறாயே, அவசரப்படாதே. அந்தப் புரதம் உள்ள கோதுமை, பார்லி, ரை தானியங்கள் மூன்றும் எந்தெந்தப் பண்டத்தில் இருக்கும் என்பது இதற்குள் உனக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். அவை இல்லாத பண்டத்தில் குளூட்டன் எப்படி ஏறுகிறது என்பதுதான் வெளிச்சாப்பாட்டில் பிரச்சினை. அதை மெனு கார்டு சொல்லாது.

முதலில் கணக்கு. சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை குளூட்டன் தீங்கு செய்வதில்லை என்று பொதுவாகக் கொள்கிறார்கள். தினமும் 50 மில்லிகிராம் போனால் மூன்றே மாதத்தில் குடலுறிஞ்சிகள், அதாவது சத்தை உறிஞ்சும் குடல் உள்சுவரின் நுண்ணிய விரல் போன்ற பகுதிகள், சேதமாவது சோதனையில் தெரிந்திருக்கிறது. ஒரு பிரட் துண்டில் ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். அதை 200 கூறாக்கினால் ஒரு கூறுதான் உன் ஒருநாள் எல்லை. பல நாடுகளில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அப்படிப்பட்ட உணவை அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்டாது. சாப்பிட்டபின் வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. அறிகுறியே இல்லாமலும் குடல் கெடும்.

அடுப்படியில் மோசமான இடம் பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி. உருளைக்கிழங்கில் குளூட்டன் கிடையாது, உண்மைதான். ஆனால் பிரட் தூள் தோய்த்த கோழியும் மைதா மாவில் முக்கிய வெங்காயமும் வெந்த அதே எண்ணெயில் அது வெந்தால், உதிர்ந்த தூள் ஒட்டிக்கொண்டு தட்டுக்கு வந்துவிடும். ‘அந்தச் சூட்டில் எல்லாம் எரிந்துபோகும்’ என்பார்கள். கிருமிக்குத்தான் அந்த நியாயம். குளூட்டன் ஒரு புரதம், எண்ணெய்ச் சூட்டுக்கு அது காணாமல் போய்விடாது. போதாக்குறைக்கு, உறைய வைத்து வரும் சில உருளைத் துண்டுகளுக்கு மொறுமொறுப்புக்காகக் கோதுமை மாவே பூசியிருப்பார்கள்.

அடுத்தது பாஸ்தாவும் பீட்சாவும். குளூட்டன் இல்லாத தனி மாவில் செய்த பாஸ்தாவைச் சாதாரண பாஸ்தா வெந்த தண்ணீரிலேயே போட்டு, அதே வடிதட்டில் வடித்தால் வாங்கிய தனி மாவுக்கு அர்த்தமே இல்லை. பீட்சா மேடையில் மைதா காற்றிலேயே பறக்கும். சாஸ் அள்ளும் கரண்டி, சீஸ் எடுக்கும் கை, ஓவனின் தரை எல்லாம் பொது. 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ‘குளூட்டன் இல்லை’ என்று கொடுத்த உணவக உணவுகளை வாடிக்கையாளர்களே கையடக்கச் சோதனைக் கருவியால் சோதித்ததில் சுமார் மூன்றில் ஒன்றில் குளூட்டன் தெரிந்தது. பீட்சா, பாஸ்தாவில் பாதிக்குப் பாதி. இவை இரண்டையும், தனி மேடையும் தனிப் பாத்திரமும் வைத்திருக்கும் இடம் தவிர வேறெங்கும் தொடாதே என்பது என் கட்சி.

மறைந்திருக்கும் சரக்கையும் சொல்லிவிடுகிறேன். சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தது. அதில் ஊறிய இறைச்சியும் அப்படியே. கெட்டியான சூப்பும் குழம்பு போன்ற சாஸும் மைதாவை வெண்ணெயில் வறுத்துச் சேர்த்ததாக இருக்கலாம். சூப்புக்கான கட்டி, தொத்திறைச்சி, நண்டு மாதிரி செய்த மீன் துண்டு, மால்ட் வினிகர், பீர் இவற்றிலும் கவனம் வை. ஆம்லெட்டில் உப்பிவர மாவுக் கரைசல் ஊற்றும் இடங்களும் உண்டு. ‘கோதுமை இல்லை’ என்று எழுதியிருந்தால் பார்லி பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்.

இனி விருந்துக்கு வருவோம். இரண்டு மூன்று நாள் முன்னாலேயே, மதியக் கூட்டம் ஓய்ந்து இரவுக் கூட்டம் தொடங்காத நேரத்தில் போன் செய். மேலாளரையோ தலைமைச் சமையல்காரரையோ கேள். ‘குளூட்டன் இல்லாத சாப்பாடு கிடைக்குமா?’ என்றால் ‘ஓ, தாராளமாக’ என்றுதான் பதில் வரும். ஆமாம், இல்லை என்று முடிக்க முடியாத கேள்வியாகக் கேட்க வேண்டும்: ‘உருளைக்கிழங்கைப் பொரிக்கிற எண்ணெயில் வேறு என்னென்ன பொரிப்பீர்கள்?’ ‘மீனை எந்தக் கல்லில் சுடுகிறீர்கள், பிரட்டையும் அதில்தான் வாட்டுவீர்களா?’ ‘சூப் கெட்டியாக என்ன சேர்க்கிறீர்கள்?’ பதில் சொல்லுமுன் உள்ளே போய்ப் பார்த்து வருகிறவரை நம்பலாம். கேள்வி முடியும் முன்பே ‘பயப்படாதீங்க மேடம்’ என்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘எங்களால் உறுதி தர முடியாது’ என்று ஒருவர் சொன்னால் கோபப்படாதே, நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பார்.

அங்கே போனதும் சர்வரிடம் வாயால் மட்டும் சொல்லாமல் ஒரு சீட்டைக் கொடு. உள்ளே போவதற்குள் வாய்ச்சொல் தேய்ந்து ‘பிரட் வேண்டாமாம்’ என்று ஆகிவிடும். இப்படி எழுதிக்கொள்: ‘எனக்குச் சீலியாக் நோய். கோதுமை, மைதா, ரவை, பார்லி, ரை, சோயா சாஸ் துளியும் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய பாத்திரம், கரண்டி, பலகையில் சமையுங்கள். புது எண்ணெய் வேண்டும். கைகழுவிவிட்டு என் தட்டைத் தொடுங்கள்.’ தொடுகிற பாகங்கள் குறைந்த பண்டமாகக் கேள்: தனி வாணலியிலோ அலுமினியத் தாள் விரித்தோ உப்பு மிளகு மட்டும் போட்டுச் சுட்ட மீன் அல்லது கோழி, தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு, ஆவியில் வெந்த காய், எண்ணெயும் எலுமிச்சையும் விட்ட சாலட்.

தட்டு வந்ததும் ‘இது குளூட்டன் இல்லாத தட்டுதானே?’ என்று இன்னொரு தடவை கேள். சாலட்டின் மேல் வறுத்த பிரட் துண்டுகள் கிடந்தால் அவற்றைப் பொறுக்கிவிட்டுச் சாப்பிடாதே, தூள் தங்கிவிடும். புதுசாகக் கேள். புதுத் தட்டு வரும்வரை பழையதைத் திருப்பிக் கொடுக்காமல் மேசையிலேயே வைத்துக்கொள். கொடுத்தால், துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு அதையே கொண்டுவரும் ஆட்களும் உண்டு.

பஃபே என்றால் கரண்டிகள் பாத்திரம் மாறிக்கொண்டே இருக்கும். உனக்கு மட்டும் உள்ளேயிருந்து தனியாக எடுத்துத் தரச் சொல். மேசையில் பொது வெண்ணெயில் பிரட் துகள் கிடக்கும், தொடாதே. ஐஸ்கிரீம் எடுக்கும் கரண்டி பிஸ்கட் கலந்த வகைக்குள்ளும் போய்வந்திருக்கும்.

மாத்திரை விழுங்கிவிட்டுச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. குளூட்டனைச் செரித்துவிடும் என்று கடையில் விற்கும் நொதி (என்சைம்) மாத்திரை எதுவும் சீலியாக் உள்ளவருக்குக் காப்பு ஆகாது. கையடக்கச் சோதனைக் கருவி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். பட்டாணி அளவு எடுத்து அதில் போடுகிறோம். தட்டின் மறுபக்கம் இருப்பது அதற்குத் தெரியாது. சோயா சாஸ், பீர் போல நொதித்தவற்றிலும் அதை நம்ப முடியாது. வாங்காதே, காசு மிச்சம்.

எப்படியோ உள்ளே போய்விட்டால் முறிமருந்து கிடையாது. தண்ணீர் நிறையக் குடி, ஓய்வெடு, என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு என்று குறித்துவை. வாந்தியோ வயிற்றுப்போக்கோ நிற்காவிட்டால் மருத்துவரிடம் போ. உன் தங்கைக்கும் பரிசோதனை செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய்; நல்லது, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ரத்தப் பரிசோதனை முடியும்வரை அவள் கோதுமையை நிறுத்த வேண்டாம். நிறுத்திவிட்டுச் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும்.

விருந்து எந்த ஹோட்டலில் என்று நீ எழுதவில்லை. இடம் இன்னும் முடிவாகவில்லை என்றால் நீயே இரண்டு இடத்துக்குப் போன் போட்டு, நல்ல பதில் வந்த இடத்தை உன் மேலதிகாரியிடம் சொல். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கும் எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
வசந்தி