பேத்திக்கு ஒரு பெயர்

நாகர்கோவில்

அன்புள்ள தாணு,

பேத்தி பிறந்த செய்தியைத் தாங்கிய உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். உலகத்தில் வேறு யாருக்குமே இல்லாத பெயராகத் தேடுகிறான் மகன் என்று எழுதி, எனக்கு என்ன பெயர் தோன்றுகிறது என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டு நாளாக எனக்கு அதே நினைப்புதான்.

யாருக்கும் இல்லாத பெயர் எதற்கு? பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது; பாட்டாவின் பெயரைத் தாங்குகிறவன். உன் பாட்டா தாணுமாலயன் என்பதால் நீ தாணு. தாணு சிவன், மால் திருமால், அயன் பிரம்மன். சுசீந்திரம் கோயிலே உன் பெயரில் இருக்கிறது. சிறுவயதில் உன்னை யாராவது கூப்பிட்டால் திண்ணையிலிருந்து அவரும் நிமிர்ந்து பார்ப்பாரே, நினைவிருக்கிறதா?

என் பெயரையும் பார். லத்தீனில் பவுல் என்றால் சிறியவர். அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு நம் முன்னோர் புனித பவுலைச் சின்னப்பர் ஆக்கினார்கள், நான் சின்னப்பன் ஆனேன். மகுடம் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர் ஸ்தேவான், முடியப்பர் ஆனது. கடவுள் அருள்கூர்ந்தார் என்று சொல்லும் யோவான், அருளப்பர். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசர் என்ற பெயரைத் தேவசகாயம் என்று இட்டார்கள். அதன் எபிரேய மூலத்துக்குக் கடவுள் உதவினார் என்று பொருள். ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் கொல்லப்பட்ட அவரை 2022-ல் ரோமில் புனிதராக அறிவித்தபோது தேவசகாயம் என்ற அந்தப் பெயரும் வாசிக்கப்பட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இன்னொன்று. கோட்டாற்றுத் திருவிழாவுக்கு நாம் சேர்ந்து போவோமே, அந்தச் சவேரியாரின் பெயர் அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்குப் புது வீடு என்று பொருள். விளவங்கோட்டுப் பக்கம் எத்தனை குடும்பங்களுக்குப் புத்தன்வீடு என்று வீட்டுப்பெயர்! கடல் கடந்து வந்தவரும் தென்னந்தோப்புக்குள் இருக்கிறவரும் ஒரே பெயர்க்காரர்கள் என்று தெரிந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெயருக்கு இவ்வளவு கனம் இருந்ததால்தான் அதைப் பறிக்கவும் செய்தார்கள். இன்று சாமித்தோப்பு எனப்படும் ஊரில் 1809-ல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். இந்தச் சாதியில் பிறந்தவனுக்கு மகுடமா என்று மேல்சாதியார் எதிர்க்க, முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பின்னாளில் ஐயா வைகுண்டர் ஆன அவருடைய வரலாற்றில் மற்றவற்றைவிட இந்த இடம்தான் என் நெஞ்சைக் கொதிக்க வைக்கிறது. தொட்டில் குழந்தையின் பெயரைக் கண்டு அஞ்சியிருக்கிறார்கள், தாணு.

கானாவின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக இடுகிறார்கள்; ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்தவர். மங்கோலியாவில் நெர்குய் என்று ஒரு பெயர் உண்டு. பெயரில்லாதவர் என்று பொருள். கெட்ட ஆவி குழந்தையைத் தேடி வரக்கூடாது என்று அப்படி வைப்பார்களாம். எனக்குப் பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார். அவருக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாகப் பிறந்தவரைப் பிச்சைமுத்து என்று கூப்பிட்டார்கள். எண்பது வயதுவரை இருந்தார்.

நீ கேட்டதற்கு என் பதில்: பகவதி. உன் அம்மாவின் பெயர், மண்டைக்காட்டு அம்மையின் பெயர். பள்ளிக்கூடம் விட்டு உன்னோடு வந்தால் ஒரு நாளும் கேட்காமல் எனக்கும் தட்டு வைத்தவர்கள். பழைய பெயர் என்று மகன் சொல்லக்கூடும். சான்றிதழில் அவன் விரும்பிய பெயர் இருக்கட்டும்; வீட்டில் நீ பகவதி என்றே கூப்பிடு.

பெயர் வைக்கும் இருபத்தெட்டாம் நாள் என்றைக்கு வருகிறது என்று எழுது. டிக்கெட் எடுக்க வேண்டும். தோட்டத்தில் மட்டி வாழைக்குலை ஒன்று முற்றி நிற்கிறது, அதையும் வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சின்னப்பன்