44 புளியங்கொட்டைகளுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகர மக்களுக்கும், உடன் உழைக்கும் ஆசிரியர்களுக்கும், எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுப் பெற்றோருக்கும் ஸ்தோத்திரம்.

நேற்று மதியம் முழு ஆண்டுத் தேர்வின் கடைசித் தாளைக் கட்டி முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் அழுகை வந்துவிட்டது. நிம்மதியில் வந்த அழுகைதான். அந்த ஈரம் காய்வதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பரில் என் வகுப்பு என் கைமீறிப் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும்; அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. அந்த வாரம் நான், வேதாகமத்தில் மனமுடைந்து சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைப்போலச் சூரைச்செடியின் கீழே கிடந்தேன். “போதும் கர்த்தாவே” என்ற வார்த்தைக்கு மேல் ஜெபத்தில் எதுவும் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. ராஜினாமாக் கடிதம் கைப்பையில் இருந்தது. இதை என் கணவரிடம்கூட அப்போது சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பலர் என்னிடம் வந்தார்கள். ஆறுதல் சொன்னார்கள், ஆலோசனை சொன்னார்கள். எல்லாம் அன்பினால் சொன்னவைதான். ஆனால் பதில் சொல்லவும் தெம்பில்லாமல் பின்வாசல் வழியாக வெளியேறிய என்னை ஆச்சி கூப்பிட்டார். பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஆச்சி என்றே எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் பல வருஷம் சத்துணவு சமைத்தவர். எழுத்துக் கூட்டவும் தெரியாதவர். அதுவரை அவரிடம் நான் பேசியதெல்லாம் வணக்கமும் ஸ்தோத்திரமும்தான்.

தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, சுக்குத்தண்ணீர் கொடுத்தார். பேரப்பிள்ளைகள் பல்லாங்குழி ஆடுவதற்காகப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்திருந்த புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டினார். “உன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் மகளே?” என்று கேட்டார். 44 என்றேன். எண்ணி எடுத்துக்கொண்டார். “பேரைச் சொல்லு.”

சொன்னேன். ஒரு பெயருக்கு ஒரு கொட்டை. பெயரைத் திருப்பிச் சொல்லி, கொட்டையைத் திண்ணையின் ஓரத்தில் வைத்தார். முதல் பன்னிரண்டு பெயர்கள் சரசரவென்று வந்தன. எல்லாம் என் தூக்கத்தைக் கெடுத்த பெயர்கள். பிறகு யோசித்து யோசித்துச் சொன்னேன். 29 பெயரோடு நின்றுபோனேன். வருகைப் பதிவேடு கையில் இல்லை; நினைவில் அவ்வளவுதான் இருந்தது. ஜூன் மாதத்திலிருந்து நாள்தோறும் நான் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்!

ஆச்சி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மீதிக் கொட்டைகள் அதில் இருந்தன. “இந்தப் பதினைந்து பேரும் எங்கே மகளே?”

குற்றம் சாட்டும் குரலில் அவர் கேட்கவில்லை. சந்தையில் பிள்ளையைத் தவறவிட்டவளிடம் விசாரிப்பதுபோலக் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. வகுப்பில் சத்தம் போடாதவர்கள், எதையும் உடைக்காதவர்கள், நான் சத்தம் போடும்போது தலையைக் குனிந்துகொண்டவர்கள்தான் அந்தப் பதினைந்து பேரும். சிலரைப் பற்றிய கோபத்தில் நான் வகுப்பு முழுவதையும் தொலைத்திருந்தேன். மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியில் நானே எத்தனையோ முறை மனப்பாடமாக ஒப்புவிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மாலை பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போய் மீதிப் பெயர்களையும் சொன்னேன். ஆச்சி என் அகர வரிசையை ஏற்றுக்கொள்ளவில்லை. தெரு வரிசையாக மாற்றிக்கொண்டார். ஆலயத்து முக்கிலிருந்து தொடங்கிக் குளத்தங்கரை வரைக்கும், வீடு வீடாக நடந்து போவதைப்போல. அப்படித்தான் அவருக்கு நினைவு நிற்கும். எந்தப் பிள்ளை எந்தக் கோயிலுக்குப் போகிறது என்று அவர் கேட்கவே இல்லை. அன்று முதல் நேற்று வரை, காலையில் பள்ளி மணி கேட்டதும், ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு ஒவ்வொரு கொட்டையாக மாற்றி, ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபித்திருக்கிறார். டிசம்பரில் காய்ச்சலாகப் படுத்திருந்தபோதும் கிண்ணத்தைக் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொன்னாராம். அவருடைய மருமகள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

நான் படித்த பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் அம்மையாரின் பெயரைக் கேட்காமல் வளர முடியாது. இங்கிலாந்தில் நடமாட முடியாத உடலோடு இருந்துகொண்டு, ஒருமுறையும் கண்ணால் காணாத திருநெல்வேலிப் பெண்பிள்ளைகளுக்காகப் பாரப்பட்டவர். மாணவியாக இருந்தபோது அதை ஒரு வரலாறாகத்தான் படித்தேன். என் வகுப்பறைக்குள் ஒருநாளும் கால்வைக்காத ஆச்சி, அதற்குள் இருந்த ஒவ்வொருவரையும் சுமந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

வகுப்பு ஒரே நாளில் மாறிவிடவில்லை. அப்படிச் சாட்சி சொன்னால் அது பொய்யாகிவிடும். மாறியது முதலில் நான்தான். காலையில் வாசலில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றேன். முதல் வாரம் சிரித்தார்கள், என்னைப்போலவே பேசிக்காட்டினார்கள். ஜனவரியில் ஒரு நாள் மறுபடியும் எல்லாம் கைமீறிப் போனது. பிரம்பை எடுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருப்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒருவர் காலையில் ஜெபித்த பெயரை நான் மதியம் அடிக்க முடியுமா?

என்னை மிகவும் அழவைத்த பையனின் வீட்டைப் பற்றி ஆச்சி ஒரே ஒருமுறை சொன்னார். அம்மா பீடி சுற்றுகிறவர். இரவு வெகுநேரம் வரை இவனும் உட்கார்ந்து நூல் கட்டுகிறான். அதன்பிறகு முதல் பாடவேளையில் அவன் தலைசாய்த்தால் நான் எழுப்பவில்லை. பத்து நிமிஷம் கழித்துச் சாக்பீஸ் டப்பாவை எடுத்துவரச் சொல்லி அனுப்புவேன். பிப்ரவரியில் அவனாகவே கரும்பலகைக்கு வந்து ஒரு சமன்பாட்டைப் போட்டான். விடை தவறு. ஆனால் பின்வரிசையிலிருந்து யாரும் கூச்சலிடவில்லை. ஜன்னலோரத்தில் உட்காரும் ஒரு பெண், அதுவரை வாய்திறந்தே அறியாதவள், “டீச்சர், அடையாளக்குறியை மாற்றாமல் விட்டுவிட்டான்” என்றாள். அந்தப் பதினைந்து பேரில் ஒருத்தி.

எனக்காக உபவாசித்த பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மாருக்கும், என் வீட்டுக்கு வந்து அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்த குருவானவருக்கும், தன் ஓய்வு வேளைகளை விட்டுக்கொடுத்து என் வகுப்பின் பின்வரிசையில் வந்து அமர்ந்த அறிவியல் ஆசிரியைக்கும், என்மேல் நம்பிக்கை இழக்காத தலைமையாசிரியைக்கும், முதலில் கோபமாக வந்து பிறகு துணையாக நின்ற பெற்றோருக்கும், ராஜினாமாக் கடிதத்தைக் கண்டெடுத்தும் ஒன்றும் கேட்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போன என் கணவருக்கும் மனமார்ந்த நன்றி. கர்த்தர் உங்கள் ஒவ்வொருவருக்கும் பதில் செய்வாராக.

அந்தக் கடிதத்தை நேற்றிரவு அடுப்பில் போட்டுவிட்டேன்.

இனிமேல் எந்த வகுப்பை எடுத்தாலும், முதல் வாரம் முடிவதற்குள் பதிவேட்டைப் பார்க்காமல் எல்லாப் பெயர்களையும் சொல்வேன் என்று ஆண்டவருடைய சமுகத்தில் பொருத்தனை செய்திருக்கிறேன். அமைதியான பிள்ளைகளின் பெயர்களிலிருந்து தொடங்குவேன்.

ஆச்சி, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புதுப் பட்டியலோடு வருகிறேன். இந்த முறை பிள்ளைகள் கூடுதலாக இருப்பார்கள் என்று சொல்கிறார்கள். புளி உடைக்கும் காலம் இது, கொட்டைகளை எறிந்துவிடாதீர்கள்.