மலைநாட்டுக்கும் ஒரு செய்மதிக் கண் வேண்டும்

ஆசிரியருக்கு,

தமிழ்நாட்டின் குலசேகரன்பட்டினத்தில் அமைந்து வரும் ரொக்கெட் ஏவுதளம் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தியைப் படித்தேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பூமியின் வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குச் செல்லும் ரொக்கெட்டுகள் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போக வேண்டியிருக்கிறது, எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே ஏவலாம். 500 கிலோ எடையை 500 கிலோமீற்றர் உயரத்துக்குக் கொண்டு செல்லும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ரொக்கெட்டுகளுக்கு இது பெரிய இலாபம்தான். சரி, நம் தீவைச் சுற்றிப் போகும் கவலை தீர்ந்தது என்பதோடு நாம் நின்றுவிடலாமா?

2019இல் விண்ணுக்குச் சென்ற நமது ராவணா-1 செய்மதி சுமார் ஒரு கிலோ எடைதான். அது பெருமைக்குப் போதும், மண்சரிவைக் கண்காணிக்கப் போதாது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் முகில் மூடி எதிர்மலை நாட்கணக்கில் தெரியாது. சாதாரணக் கெமரா செய்மதிக்கும் அதே கதிதான். முகிலை ஊடுருவும் ராடார் செய்மதியோ ஒரே சரிவை மீண்டும் மீண்டும் படமெடுத்து, நிலம் சில சென்ரிமீற்றர் நகர்ந்தாலும் காட்டிவிடும். இன்று இங்கே தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்குப் பின்னால் விழும் வெடிப்பை முதலில் காண்பவர்கள் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள். 2014இல் மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டத்தை இழந்த பிறகும் இதுதான் நிலைமை. எனவே, பதுளை, நுவரெலியா மாவட்டச் சரிவுகளின் ராடார் படங்களை ஒழுங்காகப் பெற அரசாங்கம் இந்தியாவுடன் உடன்பாடு செய்ய வேண்டும். அப்புறம், அதிலிருந்து வரும் எச்சரிக்கை தமிழில், மழைக்கு முன்பே, லயங்களுக்கு வந்து சேர வேண்டும்.

வாசகர்,
பண்டாரவளை