சுவடிகளை இனியும் அவிழ்க்க முடியாது: ட்ரிபிள்-ஐ-எஃப் கூட்டமைப்பில் நூலகத்தைச் சேர்க்கக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்: காப்பாளர், ஓலைச்சுவடிப் பிரிவு, தெப்பக்குளம் மேலக்கரை நூலகம்.
பெறுநர்: உயர்திரு துறை இயக்குநர் அவர்கள்.

பொருள்: சுவடி முதலியவற்றின் படங்களை நூலகங்கள் இணையத்தில் பகிர்வதற்கான பன்னாட்டுத் தர விதிகளை வகுக்கும் ட்ரிபிள்-ஐ-எஃப் (IIIF) கூட்டமைப்பில் நமது நூலகத்தை நிறுவன உறுப்பினராகச் சேர்த்தல் தொடர்பாக.
பார்வை: இதே பொருள் குறித்து முன்னர் அனுப்பிய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நம் நூலகம் தாங்கள் அறிந்ததே. போன முறை ஆய்வுக்கு வந்தபோது, தெப்பக்குளத்துப் பக்கச் சுவரில் ஓதம் ஏறியிருந்ததைக் கையால் தொட்டுப் பார்த்தீர்கள். அந்தச் சுவரை ஒட்டிய மூன்றாவது அலமாரிக்காகத்தான் இம்மனு. பார்வையில் கண்ட மனுக்களுக்குப் பதில் வரவில்லை. ஒரு முறை மட்டும் தொலைபேசியில், "கோப்பு பரிசீலனையில் இருக்கிறது" என்றார்கள். ஆகவே மீண்டும் பணிந்து சமர்ப்பிக்கிறேன்.

1. இக்கூட்டமைப்பின் பணி 2011இல் தொடங்கியது. 2015இல் அது முறையான அமைப்பாயிற்று. பிரிட்டிஷ் நூலகம், ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம், பிரான்சு தேசிய நூலகம் போன்றவை இதில் உள்ளன. ஒரு நூலகத்தின் படத்தை வேறொரு நூலகத்தின் திரையில் திறக்கவும், பெரிதாக்கவும், இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் இதன் விதிகள் வழிசெய்கின்றன.

2. எங்கள் துயரம் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒப்பந்ததாரர் ஒருவர் நம் சுவடிகளை ஸ்கேன் செய்து ஹார்டு டிஸ்கில் கொடுத்தார். ஒரு கட்டுக்கு ஒரு பி.டி.எஃப்., ஒரு பக்கத்தில் ஆறு ஏடுகள். பெரிதாக்கினால் எழுத்து எறும்பு ஊர்ந்த தடம்போல் கலைகிறது. கோப்பின் பெயரைப் பார்த்து எந்தக் கட்டு என்று சொல்ல முடியாது. ஓலையில் புள்ளி கிடையாது. குறில் கொம்பு, நெடில் கொம்பு என்ற வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். கீறலின் ஆழம் வரை தெரிந்தால்தான் அங்கே எழுதியிருப்பது எந்தச் சொல் என்று தீர்மானிக்க முடியும். அதனால் ஆய்வாளர் யார் கேட்டாலும் கட்டை அவிழ்க்கிறோம்.

மூன்றாவது அலமாரியிலுள்ள மருத்துவச் சுவடியின் 37ஆம் ஏட்டை இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை வெளியே எடுத்தேன். ஐந்து முறையும் அதே மூன்றாம் வரிக்காக. கயிற்றை உருவி, மேலும் கீழும் உள்ள கம்பைச் சட்டத்தை நீக்கி, எலுமிச்சம்புல் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து வைக்கும்போது, ஐந்தாம் முறை துளைக்கு வலப்பக்கம் ஒடிந்தது. நகக்கண் அளவுத் துண்டு, அதில் மூன்று எழுத்து. ஒரு மருந்தின் அளவு அங்கே இருந்தது. துண்டைக் காகித உறையில் போட்டு எண் எழுதி வைத்திருக்கிறேன். ராமபாணப் பூச்சி தின்றிருந்தால் மனம் ஆறும் ஐயா. ஒடித்தது என் கை.

பாரிஸிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில், 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் வாழ்ந்த எதுவார் ஏரியல் சேர்த்த தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன. அவற்றில் படமெடுத்து ஏற்றியவற்றை நான் இதே மேசையில் உட்கார்ந்து பெரிதாக்கிப் படிக்கிறேன். பத்தடி தள்ளியிருக்கும் நம் சுவடியைப் படிக்கத்தான் கயிற்றை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

3. "விதிகள் இலவசமாகக் கிடைக்கும்போது சந்தா எதற்கு, இதில் என்ன பொருள் கொள்முதல் ஆகிறது?" என்று நிதிப் பிரிவு கேட்டதாக அறிகிறேன். விதிகள் இலவசம் என்பது உண்மை. கூட்டங்கள் பலவற்றில் யாரும் கலந்துகொள்ளலாம் என்பதும் உண்மை. ஆனால் நான் அங்கே தனி ஆளாகத்தான் பேச முடியும்; நூலகத்தின் பெயரால் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அதிகாரமில்லை. நூலகமே உறுப்பினரானால், பிரதிநிதி என்று ஒருவரை நியமித்து ஆணை வரும். அடுத்த டெண்டரில் "இந்த விதிப்படி படம் தர வேண்டும்" என்று எழுதச் சொல்லவும் எங்களுக்கு வலு கிடைக்கும். போன டெண்டரில் அந்த ஒரு வரி இல்லாததால்தான் இன்று கையில் பயனற்ற ஹார்டு டிஸ்க் இருக்கிறது.

4. தைத்த புத்தகத்துக்கு இடப்பக்கம், வலப்பக்கம் உண்டு. ஏட்டுக்கு முன்புறமும் பின்புறமும்தான், புரட்டுவது மேல்நோக்கி. மேலிருந்து கீழாகக் காட்டுவதற்கு அவ்விதிகளில் இடமுண்டு. எதிரெதிர்ப் பக்கங்களாகக் காட்டும் முறையோ புத்தகத்தை மனத்தில் வைத்து எழுதியது. ஓலையின் இருபுறத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எப்படிக் காட்டுவது என்று ஓலையோடு பழகியவர்கள்தானே சொல்ல வேண்டும்?

5. அரசுக்கு இது புதிதுமல்ல. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் வகுக்கும் யூனிகோடு கூட்டமைப்பில் தமிழக அரசு உறுப்பினராக இருந்திருக்கிறது. 2019இல் யூனிகோடு 12.0 பதிப்பில் பழந்தமிழ்ப் பின்னங்களும் குறிகளுமாக 51 குறியீடுகள் இடம்பெற்றன. முந்திரி, அரைக்காணி என்ற பின்னங்களின் குறிகள் கணினியில் ஏறியது, யாரோ போய்க் கேட்டதால்தான்.

6. 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒன்றிய அரசு ஞான பாரதம் திட்டத்தை அறிவித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை ஆவணப்படுத்தப்போவதாகச் சொன்னது. அந்த வேலை நம் வாசலுக்கும் வரும். வரும்போது மறுபடி ஆறு ஏடு ஒரு பக்கமா? மறுபடி கட்டுகளை அவிழ்ப்பதா? எத்தனை முறைதான் ஐயா அவிழ்ப்பது?

ஒரு சுவடியை ஒரே முறை அவிழ்த்து, ஒழுங்காகப் படமெடுத்து, கட்டி வைத்துவிட வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். உறுப்பினர் சேர்க்கைக்கு ஒப்புதலும், ஆண்டுச் சந்தாவுக்கு நிதி ஒதுக்கீடும், பிரதிநிதி நியமன ஆணையும் வழங்குமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதானாலும் எழுத்தில் தாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் தந்தால், அதைக் கொண்டு மூன்றாவது அலமாரியை ஆய்வாளர்களுக்கும் திறப்பதில்லை என்று அறிவிப்பு ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காப்பாளர், ஓலைச்சுவடிப் பிரிவு.