அந்தப் பையனை ஏன் பிழைக்க வைத்தீர்கள்?

திகில் நாவல்களைப் படமாக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். 'புத்தகம் மாதிரி இல்லையே' என்று புலம்பும் வழக்கமான மடல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாத்திரங்களை வெட்டுங்கள், கிளைக்கதைகளைத் தூக்குங்கள், அது உங்கள் தொழில். நான் கேட்க வந்தது ஒன்றுதான். திகில் நாவல் என்று தேடிப் பிடித்து வாங்கிவிட்டு, அதிலுள்ள திகிலை மட்டும் ஏன் கழுவி ஊற்றுகிறீர்கள்?

ஸ்டீபன் கிங்கின் 'கூஜோ', 1981-இல் வந்த நாவல். வெறிபிடித்த பெரிய நாய் வெளியே. நின்றுபோன காருக்குள் ஒரு தாயும் நாலு வயது மகனும். கொளுத்தும் வெயில். கண்ணாடியை ஏற்றினால் உள்ளே வேகிறது, இறக்கினால் நாய். யாராவது வருவார்கள், இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் துணிந்து இறங்கி, உடைந்த பேஸ்பால் மட்டையால் நாயைக் கொன்றும் விடுகிறாள். அதற்குள் பையன் போய்விட்டான். அவனைக் கொன்றது நாயல்ல, வெயிலும் தாகமும். முதல்முறை படித்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, எந்த இடத்தில் அவள் இறங்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

1983-இல் வந்த படத்தில் அவள் அவனை வீட்டுக்குள் தூக்கிப்போய் மூச்சு வரவைத்துவிடுகிறாள். பொய் சொல்லவில்லை, பார்க்கும்போது எனக்கும் 'அப்பாடா' என்றுதான் இருந்தது. அந்த 'அப்பாடா'வோடு எல்லாம் முடிந்தும் போனது. எதையும் பின்னோக்கித் தேட வேண்டியிருக்கவில்லை. நாவல் அந்த நாயின் மனசுக்குள்ளும் போகும். தனக்கு என்ன ஆகிறது என்றே தெரியாமல் அது தவிப்பதைச் சொல்லும். படத்தில் அது வெறும் பேய்நாய்.

ஒரு காலத்தில் உங்கள் முன்னோடிகளிடம் ஒரு சாக்கு இருந்தது. ஹாலிவுட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஹேய்ஸ் விதிகளின்படி குற்றம் செய்தவர் தப்பக் கூடாது. வில்லியம் மார்ச்சின் 'தி பேட் சீட்' நாவலில் (1954) கொலைகாரியான எட்டு வயது மகளுக்குத் தாய் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள். தாய் சாகிறாள், மகள் பிழைத்துக்கொள்கிறாள். 1956 படத்தில் தாய் பிழைக்கிறாள், மகள்மேல் மின்னல் விழுகிறது. கடவுளே நேரில் வந்து தீர்ப்புச் சொன்ன மாதிரி! அதுவும் போதாதென்று, படம் முடிந்ததும் நடிகர்களை வரிசையாக அறிமுகப்படுத்தி, தாயாக நடித்தவர் அந்தச் சிறுமியை மடியில் கவிழ்த்துப் போட்டு அடிப்பதாக ஒரு காட்சி. 'எல்லாம் நடிப்புதான், நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள்' என்று தலையில் தட்டி அனுப்புகிறார்கள்.

அந்த விதிகள் 1968-இலேயே போய்விட்டன. இப்போது உங்களைக் கட்டிப்போட்டிருப்பது யார்?

ரிச்சர்ட் மாத்சனின் 'ஐ ஆம் லெஜண்ட்' (1954) நாவலில், ஒரு நோயால் ரத்தக்காட்டேரிகளாக மாறியவர்களைப் பகலில் தேடித் தேடிக் கொல்கிறான் கடைசி மனிதன். அவர்களில் ஒரு கூட்டம் நோயோடே வாழக் கற்றுக்கொண்டு புதிய சமூகமாகிவிட்டது என்பது அவனுக்குத் தெரியவில்லை. பிடிபட்டு, மரண தண்டனைக்குக் காத்திருக்கும்போதுதான் அவர்கள் கண்ணில் தன்மேல் இருக்கும் பயத்தைப் பார்க்கிறான். அவர்களுக்கு அவன்தான் பூதம், தூங்கும்போது வந்து கொல்கிறவன். 'நான் ஒரு பழங்கதை' என்று பொருள்படும் தலைப்பே அதைத்தான் சொல்கிறது. 2007 படத்தில் அதே தலைப்பு, மனித குலத்துக்காக உயிர்கொடுத்த தியாகியைக் குறிக்கிறது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், நாவலின் பக்கம் கொஞ்சம் சாய்ந்த இன்னொரு முடிவையும் படம்பிடித்திருந்தார்கள். அதைத் தியேட்டருக்கு அனுப்பாமல் டிவிடிக்குத் தள்ளிவிட்டார்கள்.

ரத்தம் போதவில்லை என்று நான் சொல்லவில்லை. அதை நீங்கள் தாராளமாகவே ஊற்றுகிறீர்கள். 'யாரும் வந்து காப்பாற்றவில்லை', 'இதில் நம் தப்பும் இருக்கிறது' என்ற இரண்டைத்தான் எடுத்துவிடுகிறீர்கள்.

பார்ப்பவர்கள் தாங்கமாட்டார்கள் என்பீர்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், தியேட்டரில் முடியாது. ஆனால் அதே 2007-இல்தான் ஃபிராங்க் டாராபான்ட் 'தி மிஸ்ட்' எடுத்தார். கிங்கின் குறுநாவல் ஒரு சிறு நம்பிக்கையோடு முடியும். படத்திலோ, கொடிய ஜந்துக்கள் உலவும் பனிமூட்டத்தில் சிக்கி, இனி வழியே இல்லை என்று தகப்பன் தன் மகனையும் கூட இருந்த மூவரையும் சுட்டுக் கொல்கிறான். தனக்குக் குண்டு மிச்சமில்லை. அப்புறம் பனிமூட்டம் விலகுகிறது, ராணுவ வண்டிகள் வருகின்றன. அந்த முடிவை இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம். தாங்கிக்கொண்டோம் இல்லையா?

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த நாவலுக்கு உரிமை வாங்கும் முன் கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள். அதை எடுக்கத் துணிவில்லையென்றால் அந்த நாவலை விட்டுவிடுங்கள்; நாய் துரத்தும் கதையை நீங்களே எழுதிக்கொள்ளலாம். துணிந்து எடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் மாற்றச் சொல்லி யாராவது நெருக்கினால், எடுத்ததை டிவிடியின் மூலையில் போடாமல் தியேட்டருக்கே அனுப்பிப் பாருங்கள். டிக்கெட் எடுக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிய ஒரு வாசகர்